பதினோராம் பக்கத்தில் வசந்தாவின் பெயர்

அனுப்புநர்:
கா. தேவி, க/பெ. கார்த்திக்,
முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு,
ஆரம்பாக்கம்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
கழிமுகம் கலை அறிவியல் கல்லூரி.

பொருள்: நூலகத் தகவல் தேடல் பயிற்சி – என் ஒப்படைப்பின் ஆதாரப் பட்டியலில் திருமதி வசந்தா அவர்களின் பெயர் நீடிக்கவும், ஆதார மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

இரவு பன்னிரண்டு ஆகப்போகும் நேரத்தில் மின்னஞ்சல் அனுப்புவதற்கு மன்னிக்கவும். என் மகள் தேவதர்ஷினி இப்போதுதான் கண் மூடினாள். பகலில் எழுத உட்கார்ந்தால் அவளும் கூடவே தட்டச்சு செய்கிறாள்.

1. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நூலகர் திரு. திருவேங்கடம் அவர்கள் மீதான புகார் அல்ல. செய்தித்தாள் அடுக்கின் ஓரம் பாய் விரித்து, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் படிக்க எனக்கு இடம் கொடுத்தவர் அவர். இந்த இரண்டாண்டில் எனக்கு மிகப் பிடித்த வகுப்பும் அவருடையதுதான். யார் சொல்கிறார், அவருக்கு அது எப்படித் தெரியும், வேறொருவரைக் கேட்டாலும் அதுவே வருமா என்று மூன்று கேள்விகள் கற்றுக்கொடுத்தார். குழந்தைக்கு இதைக் கொடு, அதைக் கொடு என்று வாட்ஸ்அப்பில் வருவதைக்கூட இப்போது அப்படிக் கேட்டுத்தான் நம்புகிறேன். என் குறையெல்லாம் படிவத்தின் மீது.

2. என் தலைப்பு, பழவேற்காடு ஏரியில் பெண்கள் கையால் இறால் பிடிக்கும் முறை. என் கணவரின் அக்கா வசந்தா அவர்கள் இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வேலை செய்கிறார். தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும் என்பதால், பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

3. நூலகம் பரிந்துரைத்த வெளிநாட்டு ஆய்விதழ்க் கட்டுரையோ, இப்பெண்கள் ஏரியைத் தெய்வமாக எண்ணி, இறால் பிடிக்கையில் மௌன விரதம் காக்கின்றனர் என்கிறது. ஆதாரம், "உள்ளூர்ப் பெண் ஒருவர்". இதை வசந்தா அண்ணியிடம் தமிழில் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "பறிய பல்லுல கடிச்சிக்கினு இன்னாத்தம்மே பேசறது? வாயத் தொறந்தா இறால் ஏரிக்கே போயிடும்!" என்றார். பிறகு அவருக்கே நினைவு வந்தது. "ஒருத்தர் படகுல வந்து, சாமிக்காகவா பேசாம இருக்கீங்கனு ஆள வச்சுக் கேட்டாரு. வாயில பறி. தலையத்தான் ஆட்ட முடிஞ்சுது. அந்த உள்ளூர்ப் பொம்பள நான்தாம்மே!" கரையேறிய பிறகு தங்கள் பேச்சை யாராலும் நிறுத்த முடியாது என்பதையும் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.

4. சொந்தக்காரர் சொன்னார் என்று நான் அப்படியே எழுதிவிடவில்லை. மூன்று நாள் கரையில் நின்று பார்த்தேன். வேறு ஐந்து பெண்களிடம் தனித்தனியாகக் கேட்டேன். எல்லோரும் பறியைத்தான் சொன்னார்கள். ஏரியின் ஆந்திரப் பக்கம் எப்படி என்றதற்கு, "அங்க நான் எறங்கினதில்ல, அவங்களையே கேளு" என்றார் அண்ணி. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஆதாரம், என் பட்டியலில் அவர் ஒருவரே.

5. அந்த மூன்று கேள்விகளுக்கும் தேறியவர், படிவத்தில் தேறவில்லை. அச்சு, ஆசிரியரின் பட்டம், பதிப்பகம் ஆகியவற்றுக்கே அதில் மதிப்பெண். கட்டுரைக்குப் பத்து, அண்ணிக்குப் பூஜ்யம். பேச்சுவழிச் செய்தி பட்டியலில் வராது என்பது ஒன்பதாம் விதி. அவர் பெயரை எடுத்துவிட்டு, கட்டுரையில் உள்ளபடி திருத்தி, 17-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் தருமாறு ஒப்படைப்பு திரும்பி வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் படிவத்தைப் பார்த்துச் செய்தது இது என்றும், "முதல்வர் சரின்னா நாளைக்கே மாத்திடலாம்மா" என்றும் நூலகர் அவர்களே கூறினார். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

6. திருத்தாவிட்டால் தேர்ச்சி இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு பருவம் படிக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. திருத்தினால், பொய் என்று தெரிந்தே மௌன விரதம் என்று எழுத வேண்டும். ஆகவே, நேரில் அறிந்தவரின் பெயர், ஊர், தொழில் செய்த ஆண்டுகள், கேட்ட நாள் ஆகியவற்றை அவர் சம்மதத்துடன் பட்டியலில் சேர்க்கவும், பட்டத்துக்கான மதிப்பெண்ணை அந்த மூன்று கேள்விகளுக்குத் தரவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். படிவம் மாற நாளாகும் என்றால், இந்த ஒப்படைப்பையாவது உள்ளபடி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒப்படைப்புகளை நூலகத்தில் வைப்பார்கள் என்று தெரிந்ததிலிருந்து, தன் பெயர் எத்தனையாவது பக்கம் என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதினொன்று என்று சொல்லிவிட்டேன். வந்து பார்ப்பதாக இருக்கிறார், உள்ளே விடுவார்களா என்றும் கேட்டார். விடுவார்கள் என்று தங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், பொறுத்தருளவும்.

திங்கட்கிழமைக்கு முன்பே பதில் எழுதுங்கள் அம்மா.

இடம்: ஆரம்பாக்கம்
நாள்: 12.11.2025

தங்கள் மாணவி,
கா. தேவி