நிலைப்படிக்கு வெளியே ஒரு மூக்கு

ஜூன் 3, செவ்வாய்
காய்ச்சல் விட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. காபிப்பொடி டப்பாவுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெந்நீர் குடிக்க எதற்கு டிகாஷன்?

ஜூன் 6, வெள்ளி
மேற்கு மாம்பலம் மண்டபத்தில் பூஜை, முப்பது பேருக்குச் சமையல். நைவேத்தியம் ஆகும்வரை எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாக உப்பு, புளி, காரம் எல்லாம் என் மூக்குதான் சொல்லியிருக்கிறது. இன்று அக்காரவடிசலுக்கு வைத்த பால் அடிப்பிடித்திருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை. பெருமாளுக்குக் காட்டி, இலையில் பரிமாறிய பிறகு எல்லார் முகமும் சுருங்கியது. எனக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஸ்ரீவத்சன் வந்து, "தீஞ்ச வாசனை வந்திருக்குமே மாமி, தெரியலையா?" என்றார்.

அடுப்பு சரியில்லை என்றேன். பொய். மூக்கு போய்விட்டது தெரிந்தால் இந்த வேலை அவ்வளவுதான். எனக்கு வேறென்ன தெரியும்?

ஜூன் 10, செவ்வாய்
அடையாறில் டாக்டர் ருக்சாரைப் பார்த்தேன். வாசனை திரும்ப மாதக்கணக்காகலாம், திரும்பாமலும் போகலாம். தினம் நாலு பொருளை முகர்ந்து, அதன் வாசனையை அப்படியே எழுத வேண்டுமாம். "நல்லா எழுதின வாசனையைப் படிச்சா மூளையில அந்த இடம் கொஞ்சம் முழிச்சுக்கும் மாமி. அழுகை, சந்தோஷம் எல்லாமும் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு."

நான் என்ன கதை எழுதுகிறவளா?

ஜூன் 11
கிராம்பு: கிராம்பு வாசனை. மிளகு: மிளகு வாசனை. போதும்.

ஜூன் 20, வெள்ளி
மறுபடி மண்டபம். வெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும் தேவானை மடிச் சமையலறையின் நிலைப்படியைத் தாண்டுவதில்லை. வெளியே நின்றபடியே, "நெய்யி கருகப் போவுது மாமி, இன்னா பாத்துக்கினு கீற?" என்றாள். அணைத்தேன்.

"மூக்கு பூட்ச்சா? கொரோனால எனக்கும் அப்டித்தான் ஆச்சு."

மாட்டிக்கொண்டேனே என்று ஆத்திரம் வந்தது. யாரிடமும் சொல்லாதே என்றேன். பிறகு, போனால் போகிறதென்று, நெய் எப்படி மணக்கிறது சொல் என்று கேட்டேன். யோசித்தாள்.

"மொதல்ல புளிச்ச மோரு கணக்கா இருந்துச்சு. இப்ப அது போயி, பச்சப்புள்ளைக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டி, தலைய மோந்து பாப்போமே, அப்டி கீது."

வாயில் எச்சில் ஊறியது. கண்ணிலும் நீர். மூக்கில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் நெய் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை அப்படியே இதில் எழுதினேன். படித்தால் திரும்பவும் அழுகை. என்னடி இது ஜெயலக்ஷ்மி?

ஜூன் 27, வெள்ளி
புளிக்காய்ச்சல். தேவானை நிலைப்படியிலிருந்தே, "பச்ச வாசன போய்டுச்சு. ஆனா மொட்டையா கீது மாமி, உப்பு பத்தல." ஒரு கை போட்டேன். புளியோதரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். "பழைய கை திரும்பிடுத்து மாமி" என்றார் ஸ்ரீவத்சன். சிரித்து வைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி
ஸ்ரீவத்சனிடம் சொல்லிவிட்டேன். மூக்கு என்னுடையதில்லை, தேவானையுடையது என்று. நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தார். "சமையல் நன்னாத்தான் இருக்கு. அவ நிலைப்படியத் தாண்டாத வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

வேலை தப்பித்தது. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி
நூறு பேர். மூன்று அடுப்பு, ஒரே புகை. தேவானை நிலைப்படியில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். "இங்கேந்து ஒண்ணும் தெர்ல மாமி."

கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். ஸ்ரீவத்சன் வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், திரும்பினால் பார்த்திருப்பார். "உள்ள வா" என்றேன்.

"குளிச்சுட்டுத்தான் வந்தேன் மாமி" என்றாள். நான் கேட்கவே இல்லை. எனக்குத்தான் கூசியது. அடுப்புப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னேன்.

பாயசத்தில் பால் அடிப்பிடிக்கவில்லை.