போண்டா தின்னாத வாய்

தி. நகர், 12-3-79

அன்புள்ள சண்முகவடிவுக்கு, நானும் என் வயிற்றுத் தையலும் சுகம். நீயும் பிள்ளைகளும் எப்படி? இதைப் படித்துவிட்டு ரயில் ஏறிவிடாதே.

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதமாகச் சாப்பாடெல்லாம் பாட்டிலிலிருந்து நரம்பு வழியாகத்தான். போன வாரம் வாயைச் சுற்றிச் சிவந்து பொருக்குத் தட்டியது. "இன்னாத்த துன்னே நைனா? வாயெல்லாம் செவந்து கீது!" என்று வார்டு ஆயா தலையணைக்கடியில் போண்டா தேடினாள். கடையில் கூட வேலை பார்க்கும் வெள்ளைச்சாமியோ, அம்மை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் வேப்பிலை செருகினான். பாட்டில் சாப்பாட்டில் துத்தநாகச் சத்து இல்லாததுதான் காரணம் என்று டாக்டர் கண்டுபிடித்து, அதையும் சேர்த்து ஏற்றினார். நம் வாளிக்குப் பூசுகிற அதே துத்தநாகம்தான்! நாலு நாளில் முகம் தெளிந்துவிட்டது.

தபாலில் போட வெள்ளைச்சாமி அவசரப்படுத்துகிறான். வாயால் சாப்பிட இன்னும் பத்து நாளாகுமாம். அதுவரை தினமும் என்ன குழம்பு வைத்தாய் என்று விவரமாக எழுது, படித்தே சாப்பிட்டுக்கொள்கிறேன். புளியை மட்டும் கொஞ்சம் தூக்கலாக எழுது.

தனபாலன்