கருவேலங்கள் நின்ற கரை

மண்ணூர்,
3.2.2025

ஜாஸ்மினுக்கு,

உன் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வழக்கம்போல் நடக்கப் போனேன். ஏரியின் மேற்குக் கரையோரத்துக் கருவேலங்கள் அத்தனையும் தரையில். நீர்க்காகக் குஞ்சுகள் சேற்றில் செத்துக் கிடந்தன, சிறகுகூட முளைக்காதவை. ஜேசிபி டிரைவர் சொல்கிறான்: "இன்னாக்கா, முள்ளு மரந்தானே? கம்பெனி பார்க் கட்டுது. வாக்கிங் போவ சோக்கா இருக்கும்."

உன் கம்பெனி! அந்த அதிகாரிகளைப் பறவை பார்க்கும் நம் ஞாயிறு நடைக்குக் கூட்டிவந்து, கூடுகளைக் காட்டி, "பாருங்க சார், எவ்ளோ அழகு" என்றவள் நீ. வெட்டப்போவது உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

எழிலரசி

ஸ்ரீபெரும்புதூர்,
8.2.2025

அன்புள்ள எழில்,

தெரியும். குஞ்சுகள் பறக்கும்வரை, ஏப்ரல்வரை பொறுக்கச் சொன்னேன். சரி என்றார்கள். பிறகு என்னிடம் சொல்லாமலே வெட்டிவிட்டார்கள்.

ஆனால் நீயும் கேள். எங்கள் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து காலாற நடக்க லாரி ஓடும் சாலையைத் தவிர என்ன இருக்கிறது? அங்கேதான் அவர்களில் ஒருத்தி, கவியா, அடிபட்டுக் கால் உடைந்து, வேலையை விட்டு ஊருக்கே போனாள். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் ஏரிக்கரையில் நடைபாதை கேட்டேன். உன் கண்ணில் பறவை படும், மனுஷி படமாட்டாள்.

23ஆம் தேதி நடைபாதைத் திறப்பு விழா. முதல் நடையை நீயே நடத்திக் கொடு.

உன் ஜாஸ்மின்

மண்ணூர்,
14.2.2025

ஜாஸ்மினுக்கு,

வருகிறேன். எதைக் காட்டுவது என்பது என் விருப்பம்.

எழிலரசி

ஸ்ரீபெரும்புதூர்,
25.2.2025

எழில்,

காட்டினாய். பாதையை விட்டு அத்தனை பேரையும் இறக்கி, வெட்டிய அடிமரங்களுக்கு நடுவே சேற்றில் நடக்கவிட்டாய். அதோடு விடாமல் மேடையேறி மைக்கில், "ஏன் ஏப்ரல்வரைக்கும் நிறுத்தலன்னு ஜாஸ்மினைக் கேளுங்க" என்றாய்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நிறுத்தச் சொன்னேன். சரின்னுட்டு ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே, கூப்பிடும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. மேடையேறும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஹாஸ்டல் பெண்கள், "யக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க போவோம்?" என்கிறார்கள். கிழக்குக் கரை மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றையும் விடமாட்டார்கள். ஞாயிறு காலை அந்தப் பெண்களோடு அங்கே இருப்பேன்.

நீயும் வா. உன்னோடு பேசமாட்டேன். ஜேசிபி வந்தால் மட்டும் என் பக்கத்தில் நில்.

ஜாஸ்மின்