மலை நிறத்தில் ஒரு நிறைகுடம்

ஜூன் 3

மகள் பிரதீபாவின் கல்யாணத்துக்கு நிறைகுடத்தை நானே செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் வாசலில் நிறைகுடம் வைக்காமல் கல்யாணம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் சொல்லிக்கொடுத்தவள், ஓய்வுக்குப் பிறகு மண் பிசைகிறவள் - எனக்கு ஒரு குடம் பெரிதா?

வெள்ளை மண்ணில் இரும்புத்தூளும் மாங்கனீஸும் கலந்து பழுப்பில் பல சாயல்கள். அடுக்கி, உருட்டி, அறுத்தால் பால்மரத்துப் பட்டை வந்துவிடும். மாப்பிள்ளை கனகராஜின் அம்மா வீரம்மா, ஆயர் தாவார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டித்தான் பிள்ளையைப் படிக்க வைத்தார். அவருக்கு மரியாதையாக இருக்கும்.

ஜூன் 11

பட்டை வந்துவிட்டது. பால் எடுக்கக் கத்தி போட்ட கோடுகூட வந்துவிட்டது. நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 15

வீரம்மா வந்தார். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். இன்னும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

குடத்தைக் காட்டினேன். கத்திக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“அசல் மரந்தான் டீச்சர்.” பிறகு மெதுவாக, “கல்யாணத்துல இது வேணாமே. மழ பேஞ்சா சம்பளமில்ல, பேயாட்டி கொசுக்கடி. எம்புள்ள கல்யாணத்தன்னிக்காச்சும் அந்த மரத்த பாக்காம இருக்குறேன்.”

மன்னிப்புக் கேட்டேன். உடனே அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இருவரும் மாறி மாறிக் கேட்டதில் டீ ஆறிப்போனது.

முதலிலேயே அவரை ஒரு வார்த்தை கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 16

பிரதீபா கடிந்துகொண்டாள். “ஏற்கெனவே நம்ம வீட்டுக்கு வரக் கூசுறாங்கம்மா. இன்னும் கூச வைக்காதீங்க லா.”

அவள் சொல்வது நியாயம். குடம் கிடக்கட்டும். அந்த அம்மா என் வீட்டில் ஒரு நாளாவது சாய்ந்து உட்கார வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

போன் போட்டு, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன்.

“எங்க ஃபிளாட்டு ஜன்னல்ல தெரியுற மலை, டீச்சர். டீயக் குடிச்சிக்கிட்டு பாத்துக்கிட்டே இருப்பேன். சும்மா உக்கார இப்பத்தான நேரம் கெடச்சிருக்கு.”

ஜூலை 2

சாம்பல், வெள்ளை, துருவின் செம்மஞ்சள் - ஈப்போவின் சுண்ணாம்பு மலைக்கு வேண்டிய நிறமெல்லாம் இருக்கிறது. மலைதான் வரவில்லை. கோடு கோடாகப் பட்டுச்சேலைக் கரை வருகிறது.

ஜூலை 9

இன்றும் கரைதான். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்றார். பேசாமல் பேப்பரைப் படியுங்கள் என்றேன்.

ஜூலை 20

வீரம்மா முறுக்கு கொண்டுவந்தார். போன் அடித்தது, உள்ளே போனேன். திரும்பி வந்தால், டீ குடித்த கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, பக்கத்தில் காயவைத்திருந்த குடத்தையும் குழாயடியில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பச்சைமண் குடம். இன்னும் சுடவே இல்லை.

“மண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு டீச்சர், அதான்...”

நிறமெல்லாம் அவர் கையில் வழிந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. “ஐயோ, கெடுத்துப்புட்டேனே.” அழ ஆரம்பித்துவிட்டார்.

சுள்ளென்று ஏதோ என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கியது நல்ல மனசால் அல்ல. குடத்தைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். கோடுகள் கரைந்து, துரு சாம்பலின்மேல் இறங்கி, அங்கங்கே வெளுத்து - மலை. மலையைத் தண்ணீர்தானே செய்தது? நான் என்னத்துக்குக் கத்தியை வைத்துக்கொண்டு அல்லாடினேன்?

சொன்னால் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். குடத்தை வெளிச்சத்தில் காட்டினேன். “இது உங்க மலையா இல்லையா? நீங்களே சொல்லுங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் கழுவணும்.”

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஜூலை 28

சூளையைத் திறந்தேன். பளபளப்புக்கு எதுவும் பூசவில்லை. விரிசல் இல்லை. அப்பாடா.

ஆகஸ்ட் 24

கல்யாணம் நல்லபடி முடிந்தது. கால் இரண்டும் என்னுடையது மாதிரி இல்லை.

காலையில் மண்டப வாசலில் குடத்துக்குத் தண்ணீர் நிரப்பி, மாவிலை செருகி, தேங்காயை வைத்தேன். வீரம்மா வந்து என் கையைத் தட்டிவிட்டார். “தேங்கா கோணலா இருக்கு. தள்ளுங்க சம்பந்தி, நான் வைக்கிறேன்.”

அவர் பக்கத்துப் பெண்கள் குடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள்.

“சம்பந்தி மண்ணு பெசஞ்சாங்க,” என்றார் வீரம்மா. “கழுவுனது நானு.”

சொல்லிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.