உன் சிங்கப்பூர் நம்பரை யாரோ எடுத்தார்கள்

என் செல்ல ஸ்டெல்லா அக்காவுக்கு,

பசியாறிவிட்டாயா என்று கேட்டுத்தான் உனக்கு எப்போதும் செய்தி அனுப்புவேன். இப்போதும் கை முதலில் அங்கேதான் போகிறது. இனிமேல் அதைக் கேட்கலாமா, கூடாதா? தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

அப்பா இருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த வலது கை இன்னும் எழும்பவில்லை, ஆனால் பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. திட்டும்போது மட்டும் தெளிவாக வருகிறது. கோத்தா திங்கியில் மழை தொடங்கிவிட்டது. ஆறு ஏறினால் நனையக்கூடிய சாமான்களை எல்லாம் மேசைமேல் ஏற்றிவிட்டேன், நீ செய்வது போலவே அரிசி டின்னை மட்டும் கடைசியாக.

உன் நீல ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அன்றைக்கு அது காயவில்லை என்று வேறொன்றைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பினாய். உலு திராம் தாண்டி மழையில் அந்த லாரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

நீ என் பெயரைக் கொடுத்த போட்டி நடந்துகொண்டிருக்கிறது, அக்கா. ‘பேனா வீடு’. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, நீ போன பிறகுதான் தொடங்கினார்கள். டிவியில் ஆட்களை ஒரே வீட்டில் அடைத்துவைத்து வாரம் ஒருவரை வெளியே அனுப்புவார்களே, அதே மாதிரி. ஆனால் இந்த வீட்டுக்குச் சுவர் கிடையாது, ஒரு டெலிகிராம் குழுதான் வீடு. வாரம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். எழுதி அனுப்பினால் ஞாயிறு சாயங்காலம் யூடியூப் நேரலையில் நடுவர்கள் மதிப்பெண் சொல்வார்கள், பார்க்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள். நடத்துகிறவர் சேகரன் அண்ணன். அவருக்கு எப்போதும் டிவி குரல்தான்.

எல்லாரும் கேமராவில் முகம் காட்டுவார்கள். என் கட்டத்தில் மட்டும் ஒரு செம்பருத்திப் பூ படம் இருக்கும். என் கட்டுரைகளையும் சேகரன் அண்ணன்தான் வாசிப்பார். மெர்சிங் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற சுபா என்று ஒருத்தி இருக்கிறாள், என் வயதுதான். அவள் குழுவில் என்னை விடவே மாட்டாள். “ஏய் பூ, நீ ஆளா, பேயா? ஒரு கையையாச்சும் காட்டு லா” என்பாள். நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்வேன்.

வாரா வாரம் ஒருவர் போனார்கள், நான் போகவில்லை. உனக்கு ஆச்சரியமாக இருக்காது. எனக்குத்தான் பயம் கூடிக்கொண்டே போனது. கடைசிச் சுற்றுக்குப் போகிற இரண்டு பேருக்கும், நாடகம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் எழுதுகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். பள்ளி முடித்த எஸ்.பி.எம். சான்றிதழ் கேட்க மாட்டார்களாம். மூன்றாம் படிவத்தோடு நின்றவளுக்கு அப்படி ஒரு வேலை வேறு எங்கே கிடைக்கும்? அப்பாவைத் தனியாகப் பூட்டிவிட்டு எந்த பேக்டரிக்குப் போவேன்? இப்போது ரஹ்மான் பாய் கடைக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து கடையிலேயே கட்டிக்கொள்ளப்போவதாகச் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியது கைப்பிடி பற்றி.

பேர் கொடுத்த நாளிலேயே ஒவ்வொருவரும் வெளியில் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது, நினைவிருக்கிறதா? அவர்தான் நம் கைப்பிடி. நாம் வெளியேறும் ஆபத்தில் மாட்டும்போது நேரலையிலேயே அவருக்குப் போன் போடுவார்கள். அவர் “பிடிச்சிருக்கேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வாரம் தப்பிவிடலாம். போட்டி முழுவதற்கும் ஒரே ஒரு முறை. எனக்குக் கைப்பிடி நீ. வேலை இடத்தில் டீ குடிக்கிற நேரத்தில் நீதான் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினாய்.

நீ இல்லை என்று பேனா வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை. ஆரம்ப வாரங்களில் ஒரு அண்ணன், அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று குழுவில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அவருடைய அப்பா படுக்கையில் கிடக்கிற படமும் சோக இசையும் முன்னோட்டத்தில் ஓடுகிறது. அவருக்கு ஓட்டு கொட்டியது. அவர் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். உன் நம்பரைச் சாகவிடவில்லை. ரஹ்மான் பாய் கடையில் விடாமல் அதற்கு டாப் அப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு நாள் அவர் கேட்டார்.

“யாருக்கும்மா இது? அக்கா நம்பர்தானே?”

“ஆமா பாய்.”

“அது எதுக்கும்மா இன்னும்?”

“சும்மா பாய்.”

என்றைக்காவது எனக்கு ஆபத்து வந்தால் உன் போன் அடிக்கும், நான் எடுத்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். போனில் நம் இரண்டு பேர் குரலும் ஒன்றுதான் என்று அப்பாவே ஏமாந்திருக்கிறாரே.

போன ஞாயிறு ஆபத்து வந்தது. மிச்சம் மூன்று பேர். ஒருவர் நேராகக் கடைசிச் சுற்றுக்குப் போய்விட்டார். நானும் சுபாவும் மதிப்பெண்ணில் கீழே நின்றோம். சுபாவின் அம்மா அவளை முன்பே ஒரு முறை காப்பாற்றிவிட்டார். என் கைப்பிடிதான் பாக்கி.

உன் போனை மேசைமேல் எனக்கு எதிரில் வைத்திருந்தேன். சத்தத்தை முழுவதும் கூட்டியிருந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப மெர்சியோட அக்காவுக்குப் போன் போடறோம்” என்றார் சேகரன் அண்ணன். நேரலையில் மணி அடிக்கத் தொடங்கியது. மேசைமேல் உன் போன் அடிக்கவில்லை.

அங்கே அடித்துக்கொண்டே இருந்தது. இங்கே உன் போன் இருட்டாகக் கிடந்தது. சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நம்பர், அந்தப் பக்கம் ஒரு நம்பர் என்று நீ இரண்டு சிம் வைத்திருந்தது அப்போதுதான் என் மண்டைக்குள் ஏறியது. வேலை இடத்தில் உட்கார்ந்து நிரப்பியவள் எந்த நம்பரைக் கொடுத்திருப்பாய்? நான் இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது நம் ஊர் நம்பரை. சிங்கப்பூர் நம்பரை நினைக்கவே இல்லை.

அப்படியானால் அது எங்கே அடிக்கிறது?

அக்கா, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். அந்தச் சில நொடிகள் நீ எடுப்பாய் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அப்பாவும் நினைத்திருக்க வேண்டும். அவருடைய நல்ல கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது.

எடுத்தார்கள்.

“ஹலோ? ஃபைண்ட் ஹூ ஆ?” ஒரு சீனப் பெரியவரின் குரல். பின்னால் மஜோங் விளையாட்டுக் கட்டைகளை உருட்டுகிற சத்தம்.

“ஸ்டெல்லா இருக்காங்களா?” என்றார் சேகரன் அண்ணன்.

“வாட் ஸ்டெல்லா? நோ ஸ்டெல்லா லா. ராங் நம்பர்.”

வைத்துவிட்டார். உன் நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருக்கிறார்கள். சேகரன் அண்ணன் சிரித்தார். “என்ன மெர்சி, அக்கா சிம்மையே மாத்திட்டாங்க போல. தங்கச்சிகிட்டகூட சொல்லலையா?” திரையின் பக்கத்தில் எல்லாரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டார்கள், மழை போல விழுந்துகொண்டே இருந்தன. என் கட்டத்தில் செம்பருத்திப் பூ அசையாமல் இருந்தது. பூவுக்குப் பின்னால் நான் என்னவாக இருந்தேன் என்று யாருக்குத் தெரியும்?

அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. நேரலை முடிந்ததும் அவரே தனியாகக் கூப்பிட்டார். அப்போது சொல்லிவிட்டேன்.

“ஏம்மா, இத ஏன் முன்னாடியே சொல்லல?” டிவி குரல் இல்லை, சாதாரணக் குரல். “சரி, கேளு. வர்ற ஞாயிறு நீயும் சுபாவும் கேமராவுல நேரா வாசிக்கணும். மக்கள் ஓட்டு. நீ அக்காவப் பத்தி எழுது. இன்னிக்கு அந்தப் போன் அடிச்சுதில்ல, அதையே எழுது. அக்கா போட்டோ ஒண்ணு அனுப்பு, நான் முன்னோட்டம் போட்டுடறேன். நீ வாயத் தொறக்கறதுக்குள்ள ஜெயிச்சிடுவ.”

“யோசிக்கிறேன் அண்ணா.”

“உனக்காகத்தாம்மா சொல்றேன். இந்த வேல உனக்கு வேணும்ல?”

வேண்டும். அவ்வளவு வேண்டும், அக்கா. பொட்டலம் கட்டுகிற வாழையிலையைத் துடைக்கும்போதெல்லாம் அதுதான் ஓடுகிறது. உன் படங்களை எடுத்துப் பார்த்தேன். எதை அனுப்பினால் ஜனங்கள் அழுவார்கள் என்று தேடினேன். ஈஸ்டருக்கு எடுத்ததா, வேலை உடையில் இருப்பதா? தேடிக்கொண்டிருப்பது நான்தான் என்று சட்டென்று உறைத்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்வார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன்.

“குடு” என்றார். “போட்டோவ... குடு.”

“அப்பா, அக்கா படத்தப் போட்டு ஓட்டு கேக்கறதா?”

“அவ... இருந்தா... அவளே குடுத்திருப்பா.” வார்த்தை வார்த்தையாகத் தள்ளிச் சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா சொல்வது சரிதான். நீ கொடுத்திருப்பாய். கேட்டால் எதையும் கொடுத்திருப்பாய். அதனால்தான் என்னால் எடுக்க முடியவில்லை. உன் தூக்கத்தை எடுத்துக்கொண்டோம், உன் கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டோம், விடியும் முன்பே மழையில் உன்னை அனுப்பினோம். கடைசியில் இதையும் எடுத்து விற்றுவிட்டு, உன்னிடம் என்ன மிச்சம் வைப்பேன்?

சேகரன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். வேண்டாம் அண்ணா, யாரிடமும் சொல்லவும் வேண்டாம் என்று. “உன் இஷ்டம்மா. தோத்துட்டு வந்து அழக்கூடாது” என்று பதில் வந்தது. சுபாவும் எழுதியிருந்தாள். “ஏய் பூ, அக்காவோட சண்டையா? போய் சமாதானம் ஆகு லா. நீ தோத்தா நான் அழ மாட்டேன், சொல்லிட்டேன். ஜெயிச்சாதான் அழுவேன்.” அவளிடமும் சொல்லவில்லை.

நாளைக்கு ஞாயிறு. நான் வாசிக்கப்போவது முன்பு எழுதிய அந்த ஜாக்கெட் கதையை. மோட்டாரில் போகிறவர்கள் காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாகப் போட்டுக்கொள்வார்களே, அப்படிப் போட்ட ஒருவர் அவசரத்தில் அதைக் கழற்றாமல் எல்லைச் சாவடியில் போய் நிற்கிறார். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்து, “நீ போறியா, வர்றியா?” என்று கேட்கிறார். அவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. நான் எழுதியதிலேயே உனக்குப் பிடித்தது அதுதான். மோட்டார் வரிசையில் நின்றபடி போனில் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில், பக்கத்து மோட்டார்க்காரர் என்ன விஷயம் என்று கேட்டாராம். அன்று சாயங்காலமே என் பெயரைப் போட்டிக்குக் கொடுத்தாய்.

சிரிக்க வைக்கிற கதைக்கு ஓட்டு விழுமா? முதலில், எனக்குக் குரல் வருமா? உன் முப்பதாம் நாள் பூசையில் வாசகம் வாசிக்க வீட்டு ஆள் வர வேண்டும் என்று உபதேசியார் கூப்பிட்டார். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டேன். யாரோ ஒரு ஆன்ட்டி எழுந்து போய் வாசித்தார். உன் பெயர் வந்த இடத்தில் அவர் ‘ஷீலா’ என்றார். அதைத் திருத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குக் குளியலறையில் வாசித்துப் பார்த்தேன், இரண்டாவது வரியில் மூச்சு நின்றுவிட்டது. தோற்றால் அப்பாவுக்கும் எனக்கும் அடுத்த மாதம் என்ன என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை முகநூலில் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். நாளை ஓட்டு மூடிய பிறகுதான் வெளியாகும். படிக்கிற யாரும் இதற்காக எனக்கு ஓட்டுப் போட முடியாது. படிக்கிறவர்களுக்கு நான் ஜெயித்தேனா, தோற்றேனா என்று தெரிந்திருக்கும். இதை எழுதுகிற எனக்கும் உனக்கும்தான் இன்னும் தெரியாது.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். நாளைக்குக் கேமராவைத் திறப்பேன். உன் நீல ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாகப் போட்டுக்கொண்டு உட்காருவேன். கதைக்காக வேஷம் போட்டிருக்கிறேன் என்று எல்லாரும் சிரிக்கட்டும். காற்று நெஞ்சில் அடிக்காது என்று நீதானே சொல்வாய். முதலில் என் பெயரைச் சொல்வேன். பிறகு கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன், குரல் எப்படி வந்தாலும்.

செம்பருத்திப் படத்தை எடுத்துவிட்ட உன் தங்கச்சி,
மெர்சி