அட்டையில் யார் பேர்

சிவமயம்

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
12-7-1934

அன்புள்ள மகன் பஞ்சலிங்கத்துக்கு,

முருகன் துணையால் இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம், கோலாலம்பூரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், மனதுக்குச் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் தங்கச்சி இராசமலரின் கலியாணம் நடக்குமோ நடவாதோ என்று நிற்கிறது, அதுவும் நீ அப்பாவின் அச்சுக்கூடத்துக்கு வாங்கி அனுப்பிய இங்கிலீசு ஈய எழுத்தால்.

எழுத்தைக் குறை சொல்லவில்லை. கையால் எழுதியது போல மயிரிழைக் கோடும் சுழித்த வாலுமாய் நல்ல வடிவு. கலியாண அட்டை, பிரியாவிடைப் பத்திரம், முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்குச் செத்தவர் பேரில் பாடி அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தின் முகப்பு, எல்லாவற்றுக்கும் சனம் அதைத்தான் கேட்கிறது. சற்று அழுத்தினால் வால் முறியும். அதனால் அப்பா ஒருமுறை அச்சுக் கோத்த பேரைக் கலைக்காமல் நூலால் கட்டி வைத்துவிடுவார். வினை அங்கேதான். போன வருடம் உரும்பிராய்ச் சம்பந்தி ஆழ்வாப்பிள்ளை மோசம்போய்க் கண்மூடியபோது கல்வெட்டுக்குக் கோத்த பேரையே, மாப்பிள்ளை தில்லைநாதனுக்குத் தகப்பன் பேராக அட்டையிலும் தூக்கி வைத்துவிட்டார். வருடம் திரும்பி ஆட்டைத் துவசம் முடிந்ததும் வெற்றிலைத் தட்டில் முதல் அட்டையைக் கொண்டுபோனோம். சம்பந்தியம்மா செல்வநாயகி, கைம்பெண் என்று கதவுக்குப் பின்னால் நின்றபடி வாங்கி விரலால் தடவினார். இங்கிலீசு தெரியாதவர்தான், ஆனாலும் முதல் எழுத்தின் வாலில் கல்வெட்டில் இருந்த அதே முறிவைக் கண்டுவிட்டார். ஒரு வருடமாய்த் தினமும் எடுத்துப் பார்த்த பேரல்லவா. தட்டு திரும்பி வந்தது. அப்பா சும்மா இருந்தாரா, ஈயத்துக்குத் துடக்கில்லை, தீட்டு ஒட்டாது என்று சட்டம் கதைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்போது சம்பந்தியம்மா சொன்னார், "துடக்கை விடுங்கோ. அவரைச் செத்தவீட்டிலையிருந்து தூக்கிக் கொண்டுவந்து மணவறையிலை வைக்க வேண்டாம். பெத்து வளர்த்த நான் உயிரோடை இருக்கிறன், என்ரை பேரைப் போடுங்கோ. இல்லாட்டிக் கலியாணம் வேண்டாம்."

கைம்பெண்ணின் பேரைக் கலியாண அட்டையில் எவன் போட்டான் என்று உன் பெரியப்பா தியாகராசா குதிக்கிறார், போட்டால் கலியாணத்துக்கு வரமாட்டாராம். தங்கச்சி சரியாய்ச் சாப்பிடுவதில்லை. நாள் வைத்தது ஆவணியில். அப்பாவுக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. பொறுக்காமல் நேற்று நானே அச்சுக்கூடத்துக்குப் போய், அந்த நூலை அவிழ்த்து, செல்வநாயகி என்று கோக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். கோத்தார். மை காயாத அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கச்சியை வாசிக்கச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்பாவின் பேர், அவர் பட்டம், உன் அப்பப்பாவின் பேர், அவர் பட்டம். என் பேர் இல்லை. இவ்வளவு நாளும் அது எனக்கும் தோன்றவில்லை மகன். என்னுடையதையும் போடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அட்டையில் இடம் இல்லையாம். அப்பப்பாவைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்கள் என்றேன். அட்டை இன்னும் உரும்பிராய்க்குப் போகவில்லை.

நீ உடனே பெரியப்பாவுக்கு எழுது, பேர் போடத் தமையன் உனக்குச் சம்மதம் என்றால் அவர் வாய் அடங்கும். சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முழுக மறவாதே. முருகன் உன்னைக் காப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகாம்பிகை