குதிரையோடு போனவள்

2024 அக்டோபர் 10, வியாழன்

காலை 8.40. சுகன்யா வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து பிரபு பேசினான். "அண்ணே, நம்ம ஜீப்பு மலையில மெட்டு ரோட்டுல கவுந்துருச்சு. வெரசா கெளம்பி வாங்க." யாருக்கு என்ன என்றுகூடக் கேட்காமல் கிளம்பினேன்.

மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. சுகன்யா மட்டும் —

அக்டோபர் 12, சனி

நேற்று அடக்கம். நான் அழவில்லை. சுகன்யாவின் அண்ணன் விஜயபாண்டி தோளைப் பிடித்து உலுக்கினார். "அழுதுருங்க மாப்ளே. உள்ளயே வச்சிருந்தா ஒடம்புக்கு ஆகாது." பந்தல்காரன் டியூப்லைட்டு ஒயரை டேப் சுற்றாமல் வெறுமனே முறுக்கி விட்டிருந்ததுதான் எனக்குக் கண்ணில் பட்டது. எழுந்துபோய்ச் சுற்றினேன். நான் படித்தது டிப்ளமோ எலெக்ட்ரிக்கல். கூட்டம் மொத்தமும் என்னையே பார்த்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்று மீதிப் படம் போட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் சுகன்யாவின் ஊரான சிலமலையில், சமுதாயக்கூடத்துச் சுவரில் படம் காட்டுவோம். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள்தான் கூட்டம். பாட்டு, சண்டை இல்லாத வெளிநாட்டுப் படங்கள். படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை நான் படித்து அவள் காதில் தமிழில் சொல்வேன். அவள் மைக்கில் ஊர்ப்பேச்சாக்கிச் சொல்வாள். ஒருமுறை நான் "என்னை மன்னித்துவிடு" என்று சொல்ல, அவள் மைக்கில், "தெரியாமப் பண்ணிட்டேன், விட்டுத்தள்ளு ஆத்தா" என்றாள். கூட்டம் அடங்க நேரமாயிற்று.

போன வாரம் ஒரு மலைநாட்டுப் படம். பனி, வாய் திறக்காத புருஷன், ஒரே ஒரு குதிரை. குதிரையை விற்றுவிட்டு வர மனைவி மலை தாண்டி டவுனுக்குக் கிளம்புகிறாள். அவள் பாதி மலை ஏறும்போது இங்கே மழை பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் சுருட்டிவிட்டோம்.

அன்றிலிருந்து சுகன்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவ திரும்பி வந்துருவாளா? வியாழன் காலை, கணக்கு எழுதும் வேலைக்கு ஜீப்பில் ஏறும்போதும் கேட்டாள். "முடிவைச் சொன்னா படம் செத்துப்போகும்" என்றேன்.

அவகிட்ட கடைசியாப் பேசுனது அதுதான். 'வரமாட்டா'ன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் எனக்கு?

அக்டோபர் 15, செவ்வாய்

இழவு விழுந்த துட்டி வீடு என்பதால் டிவியைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். பதினாறு கழியும்வரை படமும் பாட்டும் கூடாது. நான் மாடியில் லேப்டாப்பை வைத்து, இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு படம் பார்த்தேன். கடலோரத்தில் ஒரு கிழவரின் பழைய படகை விறகுக்கு உடைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. தேம்பித் தேம்பி அழுதேன்.

கட்டுனவளுக்கு வராத அழுகை எவனோ ஒருத்தன் படகுக்கு வருது. என்ன பெறவி நான்?

காபி கொண்டுவந்த அத்தை என் முகத்தைப் பார்த்தார். மகளுக்காக என்று நினைத்துக்கொண்டார். தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார். காபியைக் குடித்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

மொக்கம்மாள் அக்கா வந்தார். ஏலக்காய் எடுப்பவர். அன்று ஜீப்பில் சுகன்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர். கையில் மாவுக்கட்டு. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, அந்தக் குதிரைக்காரி வந்தாளா இல்லையா?" என்றார்.

கூட வந்தவர் அவர் தொடையில் இடித்தார்.

"இருடி. அன்னைக்கு ஜீப்புல அதான பேச்சு. நாங்க அம்புட்டுப் பேரும் 'வந்துருவா'ங்குறோம். இந்தப் புள்ள ஒத்தையா நின்னு 'வரமாட்டா'ங்குது. 'எவ வருவா அந்த ஆள்கிட்ட? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கான்? எங்க வீட்டு ஆளே தேவலாம், கரண்டு போனாவாச்சும் ரெண்டு வார்த்த பேசும்'னுச்சு. ஜீப்பே சிரிச்சுச்சு தம்பி."

ஆக, அவளே சரியாகச் சொல்லிவிட்டாள். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எங்கிருந்து அவளுக்குத் தெரிந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"சொல்லுங்க தம்பி. படுத்தா குதிரைக் கொளம்படிச் சத்தமாவே கேக்குது."

"வந்து பாருங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மறுபடியும் அதே பதில். "ஞாயித்துக்கெழம போடுறேன்க்கா. கட்டாயம் போடுறேன்."

அக்டோபர் 18, வெள்ளி

விஜயபாண்டிக்குச் செய்தி போய்விட்டது. "பதினாறு கழியாம படம் போடுவீகளா? ஊரு என் மூஞ்சில காறித் துப்பாது? கட்டுனவ போயி மண்ணு காயல மாப்ளே." அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

போட்டேன்.

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் நாலு வரியை அப்படியே புத்தகத் தமிழில் வாசித்தேன். மொக்கம்மாள் அக்கா பொறுக்கவில்லை. "என்ன தம்பி, ரேடியோச் செய்தியா? நம்ம பேச்சுல சொல்லுங்க." சொன்னேன். திக்கித் திக்கித்தான். குதிரை விலை போனது. வாங்கியவனிடம் அவள், "இதுக்குத் தண்ணி மறக்காமக் காட்டுங்கண்ணே" என்றபோது பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் ஊருக்குத் திரும்பும் பஸ்சை விட்டுவிட்டு வேறு பஸ்சில் ஏறினாள். கூட்டத்தில் ஒருத்தி, "அடிப்பாவி" என்றாள்.

கடைசிக் காட்சியில் பேச்சே கிடையாது. புருஷன் அடுப்பைப் பற்றவைக்கிறான். கதவைத் திறந்துவைத்து உட்காருகிறான். கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை. ஆனால் நான் மைக்கை இறக்கவில்லை.

"அவ வரமாட்டா சுகன்யா. நீ சொன்னதுதான் சரி. கேட்டப்பவே ஒனக்குச் சொல்லியிருக்கணும்."

மொக்கம்மாள் அக்கா மெதுவாக, "இது படத்துல இருக்கா தம்பி?" என்றார்.

"இல்லக்கா."

அப்போதுதான் அழுகை வந்தது. கூட்டத்துக்கு முன்னால், மைக்கைக்கூட அணைக்காமல்.

வீட்டுக்கு வந்தும் இன்னும் நிற்கவில்லை. விஜயபாண்டி விடாமல் கூப்பிடுகிறார். நாளைக்கு நேரில் போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். போனை அணைத்துவிட்டேன்.